முதலில் வைத்த ஒன்பதாம் நம்பர் காடு

பூப்பாறை மேல் எஸ்டேட்
10-11-1974

அன்பு மகள் சிசிலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் அம்மா கத்தரீனாளும் சௌக்கியம்தான். என்னைத் திட்டுகிற சத்தம் பக்கத்து லயத்து வீடுகள் வரைக்கும் கேட்பதால் அதில் சந்தேகம் இல்லை.

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். அதிலும் எட்டாவதை விட்டுப் போக மனசில்லாமல் இரண்டு வருஷம் படித்தவன். அப்படியும் பாதிதான் விளங்கியது. நம் கம்பெனி எஸ்டேட்டுகளின் தேயிலைக் கொழுந்துக் கணக்கு முழுவதும் மெட்ராஸில் நீ வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் சென்டருக்குத்தான் வருகிறது, அதை மிஷினில் ஓட்டுவதே நீதான் என்ற அந்தப் பாதி நன்றாக விளங்கிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னேன். சாமியார் கூட அவ்வளவு நேரம் பிரசங்கம் வைக்கவில்லை என்கிறாள் உன் அம்மா.

ஒன்பதாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுக்கிற சுருளியம்மாள் கேட்டாள்:

"ஏண்ணே, நான் எம்புட்டுக் கொழுந்து கிள்ளுறேன்னு ஒங்க மக மிஷினுக்குத் தெரியுமா?"

"கிராம் சுத்தமாத் தெரியும்."

"அப்ப எம் முதுகு வலிக்கிறதையும் அதுகிட்டச் சொல்லி வைக்கச் சொல்லுங்க."

இங்கே ஒரு விசேஷம். பழைய துரை ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். புது துரையும் புது ஃபீல்டு ஆபீசரும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். காளிச்சாமி கங்காணி கையில் இருந்தது ஒரே ஒரு மாலை. யார் துரை என்று தெரியாமல் டிரைவர் கழுத்தில் போட்டுவிட்டார். டிரைவரும் கழற்றவில்லை.

ஒரு வேண்டுகோள். எந்தக் காட்டின் கணக்கைத் துளையாகக் குத்தின அட்டைகள் முன்னால் இருந்தாலும் மிஷினுக்குக் கவலை இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் நம் ஒன்பதாம் நம்பரை முதலில் வை. மாதா கெபியில் முதல் மெழுகுவத்தியை நாம் ஏற்றுகிற மாதிரி ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

அன்புடன்,
யாக்கோபு


மெட்ராஸ்
21-11-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்பதாம் நம்பரை முதலில் வைத்துவிட்டேன். அந்த அட்டைக்கட்டைத் தட்டி நேராக்கி மிஷினில் வைத்தபோது நம் வீட்டு ஜன்னலைத் திறக்கிற மாதிரி இருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்பா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் இரண்டு சாமான்களை விளக்க வேண்டும்.

நான் எழுதுகிற கணக்கு முறை மனுஷர் வாசிக்கிற மாதிரி இருக்கும். மிஷினுக்கு அது புரியாது. அதை மிஷினுடைய பாஷைக்கு மாற்றித் தருகிற ஒரு புரோகிராம் இருக்கிறது. பெயர் கம்பைலர். துரை இங்கிலீஷில் சொல்வதைக் கங்காணி தமிழில் சொல்வாரே, அந்த வேலை. இன்னொன்று ஆப்பரேட்டிங் சிஸ்டம். யாருடைய கணக்கு எப்போது ஓட வேண்டும், யாருக்கு மிஷினுக்குள் எந்த இடம் என்று பார்த்துக்கொள்வது. அது துரை.

மிஷினைக் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி அடுத்த மாதம் புது டேப் அனுப்புகிறது. அதில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டமும் புது கம்பைலரும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் மேனேஜர் கந்தப்பன் சார் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்கிறார். நான் சொல்வது: முதலில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் மாற்றுவோம், பழைய கம்பைலர் இருக்கட்டும். ஒரு மாதம் பழைய கணக்குகளையே ஓட்டிப் பார்ப்போம். எல்லாம் சரியாக வந்தால் பிறகு கம்பைலர். இரண்டையும் சேர்த்து மாற்றி ஏதாவது தப்பு வந்தால், தப்பு எதில் என்று யார் சொல்வது?

சார் சிரித்தார். "ஏம்மா, தயாரிச்சவனே ரெண்டையும் ஒண்ணா அனுப்புறான். அவனை விட உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாதுதான். ஆனாலும் டைரக்டருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்தால் சாருக்குக் கோபம் வரும். நான் இன்னும் புரொபேஷனில் இருக்கிறேன், வேலை நிரந்தரமாகவில்லை.

கொடுக்கட்டுமா, வேண்டாமா?

உங்கள் மகள்,
சிசிலி


பூப்பாறை மேல் எஸ்டேட்
30-11-1974

அன்பு மகளுக்கு,

ஆயுசில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். அந்த மயக்கத்தில் இரண்டு நாள் பேக்டரியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ரோலர் அறைச் சுவரில் இடித்துக்கொண்டேன்.

யோசித்துச் சொல்கிறேன்: அந்தக் குறிப்பைக் கொடுக்காதே.

காரணம் ஒன்று. நம் பேக்டரிக்கு இலை உருட்டுகிற ரோலரும் இலை காய வைக்கிற டிரையரும் ஒரே லாரியில் கல்கத்தாவிலிருந்து வந்து, ஒரே வாரத்தில் மாட்டினார்கள். இன்று வரை ஓடுகின்றன. காரணம் இரண்டு. என் தங்கை கல்யாணத்தையும் நீ முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மையையும் ஒரே பந்தலில் முடித்தவன் நான். ஒரே சமையல், ஒரே கூட்டம், யாருக்கும் குறையில்லை. நீ மட்டும் மணப்பெண்ணை விட உனக்கு மாலை சின்னது என்று அழுதாய். காரணம் மூன்று. இங்கே புது துரையும் புது ஃபீல்டு ஆபீசரும் ஒரே ஜீப்பில் வந்தார்களே, என்ன கெட்டுப்போயிற்று? ஒன்றும் இல்லை. துரை எதையாவது கேட்டால் ஆபீசர் "நானும் புதுசு சார்" என்கிறார். ஆபீசர் எதையாவது கேட்டால் துரை அதையே சொல்கிறார். சண்டை சச்சரவு கிடையாது.

உன் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நான் எழுதுவதை முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

"அவ கேக்கது நியாயமா இல்லையான்னு ஒமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பொறவு என்ன மண்ணாங்கட்டிக்கு யோசனை சொல்லுதீரு?"

"அவ என்கிட்டல்லா கேட்டிருக்கா!"

மேலதிகாரியோடு மோதாதே. வேலை நிரந்தரமாகட்டும். அதற்குப் பிறகு எத்தனை குறிப்பு வேண்டுமானாலும் எழுது; நான் தபால்தலை வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா


மெட்ராஸ்
16-12-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

குறிப்பைக் கிழித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை இரண்டையும் ஒன்றாக மாற்றினார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. கணக்குகள் ஓடின. முன்பை விட வேகம். கந்தப்பன் சார் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்து, "என்னம்மா, இன்னும் பயமா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

நவம்பரோடு முடிகிற நம் கம்பெனியின் வருஷக் கணக்கையும் புது ஏற்பாட்டிலேயே ஓட்டிவிட்டேன். முதல் கட்டு ஒன்பதாம் நம்பர். பத்து எஸ்டேட், இருநூறு காடு. தாளை மடித்துக் கட்டி அனுப்பியாயிற்று. நேரமில்லாததால் ஒவ்வொரு வரியாக வாசிக்கவில்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை. அம்மாவுக்கு ஒரு புடவை அனுப்பியிருக்கிறேன், உங்களுக்கு மப்ளர்.

சிசிலி


பூப்பாறை மேல் எஸ்டேட்
11-1-1975

சிசிலி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்தாயிற்று.

நேற்றுக் காலைப் பெரட்டில், ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற நேரத்தில், துரை ஒரு தாளை வாசித்தார். மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் உத்தரவு. கம்பெனியில் விளைச்சல் ரொம்ப மோசமான மூன்று காடுகளைப் பிடுங்கிவிட்டு பேக்டரி விறகுக்கு யூக்காலி மரம் நட வேண்டும். அதில் முதலாவது, நம் ஒன்பதாம் நம்பர்.

நாற்பது பெண்கள் கூடை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்பதாம் நம்பர் என்றால் எப்பேர்ப்பட்ட காடு! ரோலரில் அந்த இலை விழுகிற சத்தத்தை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது என்று சொல்வேன். காடு போனால் அதில் வேலை செய்கிற குடும்பங்களைக் கம்பெனியின் வேறு எஸ்டேட்டுகளுக்குப் பிரித்து அனுப்புவார்களாம். எங்கே என்று தெரியாது.

காளிச்சாமி கங்காணிதான் வாய் திறந்தார். "இல்லீங்க தொரை, இது நல்ல காடுங்க." துரை ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர், "நானும் புதுசு சார்" என்றார். துரைக்கும் திகைப்புத்தான், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "கம்ப்யூட்டர் கணக்கல்லே, தெற்றில்லா" என்று தன் மலையாளத்தில் சொன்னார்; தப்பு இருக்காதாம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். சுருளியம்மாள் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று என்ன சொன்னேன் தெரியுமா? "எம் மக ஓட்டுற மிஷினு அது. பொய் சொல்லாது. கண்ணுக்கு நல்லாத் தெரியுற காடு கணக்குல மோசமா இருக்கலாம். உரச் செலவு, ஆள் செலவுன்னு நமக்குத் தெரியாத எம்புட்டோ இருக்கு" என்றேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

சுருளியம்மாள் சொன்னாள்: "அண்ணே, முதுகு வலியச் சொல்லி வைக்கச் சொன்னேன். முதுகையே ஒடிக்கச் சொல்லி வச்சிட்டீங்களே."

அப்போதுதான் எனக்குள் ஏதோ விழுந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் உன் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பதிமூன்றாம் தேதி செடிகளை வேரோடு இழுக்கச் சங்கிலியும் வின்ச்சும் வருகின்றன. மேல் சரிவில் தொடங்குகிறார்கள். தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். தந்தி அடித்தால் மகளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகுமே என்று திரும்பி வந்துவிட்டேன். இதை ஜீப்பில் போகிறவரிடம் போடி தபாலாபீஸில் போடக் கொடுத்தனுப்புகிறேன், சீக்கிரம் வரும்.

மிஷின் சொன்னது உண்மைதானா? உண்மை என்றால் உண்மை என்று எழுது, தாங்கிக்கொள்கிறேன். ஒருதரம் பார்த்துச் சொல்.

அப்பா


மெட்ராஸ்
15-1-1975

அப்பா,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. இதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும்: ஒன்பது தப்பு, பிடுங்க விடாதீர்கள்.

வாசித்ததும் ஹாஸ்டல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதாம் நம்பர் மோசமான காடா? மிஷினிடம் கேட்காமலே எனக்குத் தெரியுமே! அந்தத் தாளை நான் ஒருதரம் வாசித்திருந்தால் போதும். வாசிக்கவில்லை.

சென்டருக்குப் போய் அதே அட்டைகளை மறுபடியும் ஓட்டினேன். ஒன்பதாம் நம்பர் அதலபாதாளத்தில். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, அந்தக் கட்டை எடுத்து நடுவில் வைத்துவிட்டு வேறொரு எஸ்டேட்டின் கட்டை முதலில் வைத்து ஓட்டினேன். ஒன்பது நன்றாகிவிட்டது, அந்த வேறு காடு பாதாளத்துக்குப் போயிற்று. மூன்றாவதாக இன்னொன்றை வைத்தேன். அதுவும் அப்படியே.

எது முதலில் இருக்கிறதோ அதை அடிக்கிறது, அப்பா. உத்தரவில் இருந்த மற்ற இரண்டு காடுகள் உண்மையிலேயே வயதானவை. ஒன்பது மட்டும், நான் முதலில் வைத்ததால்.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் இலையின் ஈரத்துக்காக எடையில் கழிப்பார்கள் அல்லவா, அந்தக் கழிவைக் கூட்டி வைக்க என் புரோகிராமில் ஒரு பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு காடு முடிந்ததும் பெட்டியைக் காலி செய்யும்படி எழுதியிருக்கிறேன். முதல் காட்டுக்கு முன்னால் காலி செய்ய எழுதவில்லை. பழைய ஏற்பாட்டில் அது தானாகவே காலியாக இருந்தது. இப்போது இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு சோப்புக் கம்பெனியின் கணக்கு ஓடியிருக்கிறது. அதன் மிச்சம் அந்தப் பெட்டியில் கிடந்திருக்கிறது. யாரோ விற்ற சோப்பு நம் காட்டின் ஈரமாகப் போய் உட்கார்ந்து விளைச்சலைத் தின்றுவிட்டது.

பெட்டியை முன்பு துடைத்து வைத்தது யார்? ஆப்பரேட்டிங் சிஸ்டமா, கம்பைலரா? மிஷினைக் கொடுத்த கம்பெனியை டெலக்ஸில் கேட்டோம். சிஸ்டம் பிரிவு கம்பைலரைக் கேள் என்கிறது. கம்பைலர் பிரிவு சிஸ்டத்தைக் கேள் என்கிறது. ஒரே நாளில் மாற்றியதால் எங்களாலும் சொல்ல முடியவில்லை.

கந்தப்பன் சார் முகம் வெளுத்துவிட்டது. "காரணம் தெரியாம கஸ்டமர்கிட்ட என்னன்னு சொல்றது? பதில் வரட்டும், அதுவரை வாயைத் திறக்காதே. உன் புரொபேஷன் என் கையில இருக்கு" என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மற்ற கம்பெனிகளின் கணக்குகளும் இதே ஏற்பாட்டில் ஓடியிருக்கின்றன. எத்தனை முதல் வரிகள் தப்போ, தெரியாது.

நாளைக் காலை நம் கம்பெனியின் ஹெட் ஆபீஸுக்கு நானே போகிறேன். தப்பாக வந்த தாளையும் சரியாக வந்த தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டப்போகிறேன். இந்தத் தடவை உங்களிடம் யோசனை கேட்கவில்லை, அப்பா. சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

சிசிலி


பூப்பாறை மேல் எஸ்டேட்
20-1-1975

அன்பு மகளே,

கேட்காததற்கு நன்றி. கேட்டிருந்தால் இந்தக் கிழவன் மறுபடியும் மூன்று காரணம் கண்டுபிடித்திருப்பான்.

உன் தந்தி புதன்கிழமை காலை வந்தது. பேக்டரிக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசித்தேன். ரோலரை யார் நிறுத்தியது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒன்பதாம் நம்பருக்கு ஓடினேன். ஓடினேன் என்பது என் அபிப்பிராயம். பார்த்தவர்கள் உருண்டு வந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு செருப்பு வாய்க்காலில் போயிற்று.

மேல் சரிவு முடிந்திருந்தது, சிசிலி. இரண்டு நாள் வேலை. சங்கிலி கட்டி இழுத்த செடிகள் தலைகீழாகக் கிடந்தன. இத்தனை வருஷம் இடுப்பு உயரத்துக்குக் கவாத்து வெட்டியே பார்த்த செடி. கீழே வேர் ஆள் நீளம் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. இலையை மட்டும் பார்த்த ஆள் நான்.

துரையிடம் தந்தியை நீட்டினேன்.

"இது ஆரு அயச்சது?"

"எம் மக, சார். அந்த மிஷின ஓட்டுறதே அவதான்."

"அன்னைக்கு மிஷின் பொய் பறயில்லா என்னு பறஞ்ஞது நீயல்லே, யாக்கோபே?"

"நான்தான் சார். நான் பொய் சொல்லுவேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஹெட் ஆபீஸ் சொல்லாமல் நிறுத்த முடியாது என்றார். அவர் நிலைமையும் அப்படி. வின்ச் மறுபடி இழுக்கத் தயாரானது.

சுருளியம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தந்தியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, சங்கிலி கட்டியிருந்த செடிக்குப் போய்க் கொழுந்து கிள்ள ஆரம்பித்தாள். அடுத்தவள் அடுத்த செடி நிரையில் இறங்கினாள். நாற்பது பேரும் இறங்கிவிட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை, வேலை செய்கிறார்கள். கொழுந்து எடுக்கிற பெண் நிற்கிற செடியை எப்படி இழுப்பது? வின்ச் ஆள் துரையைப் பார்த்தான். துரை ஆபீசரைப் பார்த்தார். ஆபீசருக்கு அன்றைக்கு அந்த மூன்று வார்த்தை கூட வரவில்லை.

சாயங்காலம் அந்தக் கூடைகளைத் தராசில் போட்டார்கள். துரையே பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "இன்னு நிறுத்திக்கோ" என்றார். மறுநாள் மத்தியானம் ஹெட் ஆபீஸிலிருந்து டெலிபோன் வந்துவிட்டது. நீ போய்ச் சொன்னதால்தான். ஒன்பதாம் நம்பரைத் தொட வேண்டாம். யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டாம்.

பிடுங்கின மேல் சரிவில் சுருளியம்மாள் வழக்கமாகக் கொழுந்து எடுக்கிற நிரையும் இருந்தது. அப்படியும் அவள் எனக்கு இன்னொரு ஜோடி செருப்பு கொண்டுவந்து போட்டாள், அவள் வீட்டுக்காரருடையது. "சின்னதா இருக்குமே" என்றேன். "கடிக்கட்டும்" என்றாள்.

கடிக்கிறது.

உன் வேலை என்ன ஆயிற்று?

அப்பா


மெட்ராஸ்
9-2-1975

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலை இருக்கிறது. புரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். டைரக்டர் என்னை நிற்க வைத்தே அரை மணி நேரம் கத்தினார். முடிவில், "இதை ஏன் முன்னாலேயே எழுதிக் கொடுக்கவில்லை?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கந்தப்பன் சார்தான் எழுந்து, "சொன்னா சார். நான்தான் கேட்கல" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

காரணம் தெரிந்துவிட்டது. கேட்டால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். முன்பு இரண்டுமே பெட்டியைத் துடைத்தன. புதுசு செய்யும்போது சிஸ்டம் பிரிவு, கம்பைலர்தான் துடைக்கிறதே என்று விட்டுவிட்டது. கம்பைலர் பிரிவு, சிஸ்டம்தான் துடைக்கிறதே என்று விட்டுவிட்டது. தனித்தனியாக மாற்றியிருந்தால் முதல் மாற்றத்தில் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டாவது மாற்றம் செய்த அன்றே, புதிதாக வந்ததுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதையும் திருப்பி எடுத்திருக்கலாம்.

அதற்காக நான் தப்பித்துக்கொள்ளவில்லை. என் பெட்டியை நான் துடைத்திருக்க வேண்டும். அடுத்தவர் துடைப்பார் என்று மூன்று பேர் இருந்தோம். மூன்றாவது ஆள் நான்.

இனி ஆப்பரேட்டிங் சிஸ்டம் தனி, கம்பைலர் தனி. நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி. கிழித்த குறிப்பை மறுபடி எழுதினேன். சார் கீழே கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இனி எல்லாக் காடுகளுக்கும் முன்னால் ஒரு பொய்க் காடு வைக்கிறேன். அதில் கொழுந்து கிடையாது. விளைச்சல் பூஜ்யம் என்றுதான் அச்சாக வேண்டும். பெட்டியில் குப்பை கிடந்தால் முதலில் அதன் தலையில்தான் விழும், உடனே தெரிந்துவிடும். அந்தக் காட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமே. யாக்கோபு என்று வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் நம்பரை எட்டுக்குப் பிறகு வைத்துவிட்டேன்.

சிசிலி


பூப்பாறை மேல் எஸ்டேட்
17-3-1975

அன்பு மகள் சிசிலிக்கு,

இன்று துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். பயந்துகொண்டே போனேன். மேஜையில் உன் மிஷின் அச்சடித்த தாள். முதல் வரியில் விரலை வைத்தார்.

"யாக்கோபே, இது நிண்டெ பேரல்லே?"

"ஆமா சார்."

"விளவு பூஜ்யம்."

"அது சரியான கணக்குத்தான் சார்."

விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷன் இந்த எஸ்டேட்டுக்கு வந்து முதல் தடவையாகச் சிரித்தார். அதற்குள் செய்தி காட்டுக்குப் போய்விட்டது. நான் வெளியே வரும்போது சுருளியம்மாள் கூடையோடு வழியில் நிற்கிறாள்.

"பூச்சியம் வெளையிற காடு பேக்டரியில நிக்கிதுன்னு சொன்னாக. வின்ச்சக் கொண்டாரச் சொல்லவாண்ணே?"

"வேர் ரொம்ப ஆழம் சுருளி. சங்கிலி அறுந்துரும்."

"மிஷினு இப்பத்தான் உண்மை பேசுது" என்று போய்விட்டாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு சிரித்துப் பேசியது இன்றைக்குத்தான். அந்தச் செருப்பைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்" என்கிறாள்.

உன் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஞாயிறு பூசைக்குக் கட்டினாள். அடுத்த டேப் வந்தால் யோசனை அவளிடம் கேள். நான் இந்த வயசில் ஒன்றும் விளையாமல் சும்மா இருந்தால்தான் பத்து எஸ்டேட்டுக்கும் பாதுகாப்பு என்று நீயே கண்டுபிடித்துவிட்டாய். என் மாமனார் கூட இவ்வளவு பொருத்தமான வேலை எனக்குப் பார்த்துத் தரவில்லை.

மேல் சரிவில் யூக்காலி நடவில்லை. துரை எழுதிக் கேட்டு, தேயிலை நாற்றுக்கே அனுமதி வாங்கிவிட்டார். மழை தொடங்கினதும் நடுகிறார்கள். சுருளியம்மாள் தன் நிரை எங்கே இருந்தது என்று பார்த்து, இரண்டு பக்கமும் குச்சி நட்டு வைத்திருக்கிறாள். அதில் கொழுந்து கிள்ள நாலு வருஷம் ஆகுமாம்.

அதுவரைக்கும் முதல் வரியில் நான் நிற்கிறேன். என்னை எடுத்துவிடாதே.

அப்பா